75,000 ரூபாய் கோர்ஸா, பால் சங்கக் கணக்கா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. சி, ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் பாடத்தில் வந்தன. 74 சதவீத மதிப்பெண், அரியர் இல்லை. ஆனால் தனியாக ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனம் 6 மாத ஃபுல் ஸ்டாக் (இணையதளத்தின் முன்பக்கமும் பின்னணி நிரலும்) கோர்ஸுக்கு 75,000 ரூபாய் கேட்கிறது, 100 சதவீதம் வேலை என்கிறது. தோழிகள் டேட்டா சயின்ஸ்தான் நல்லது என்கிறார்கள். ஏஐ வந்துவிட்டதால் இந்த வேலையே இருக்காது என்கிறார் மாமா. அப்பா இரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். அம்மாவின் நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. படிப்பு முடிய 8 மாதம் இருக்கிறது. எதைப் படிப்பது? இங்கிலீஷ் பேசவும் தயக்கம். தம்பி பிளஸ் டூ படிக்கிறான், அவனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தக் கோர்ஸின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். முதல் பாதியில் ஒரு நிரல்மொழி, டேட்டாபேஸ், எச்.டி.எம்.எல்., நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்றுதான் இருக்கும். இதில் பாதிக்கு மேல் கல்லூரியிலேயே படித்துவிட்டீர்கள். அப்படியும் கை நிற்கிறதென்றால் குறை பாடத்தில் இல்லை. ரெக்கார்டு நோட்டில் எழுதும் பயிற்சி எல்லாமே விடை தெரிந்த 20 வரி நிரல். அதில் யாரும் தப்பான எண்ணைத் தட்ட மாட்டார்கள், பாதியில் மின்சாரம் போகாது, ஒரே பதிவை இரண்டு பேர் போட மாட்டார்கள். வேலைக்குப் போனால் இந்த மூன்றும் தினம் நடக்கும். ஒன்றைத் தொடங்கிக் கடைசிவரை தனியாக முடித்துப் பார்த்தால்தான் அந்தக் கை ஓடும். அதற்கு 75,000 தேவையில்லை.

ஃபுல் ஸ்டாக்கா, டேட்டா சயின்ஸா என்ற கேள்வியை ஐந்து மாதம் தள்ளிப்போடுங்கள். எந்தப் பக்கம் போனாலும் அடித்தளம் ஒன்றுதான்: ஒரு மொழி (உங்களுக்குப் பைத்தான் போதும்), டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்.கியூ.எல்., லினக்ஸ் கட்டளைத் திரை, கிட். இதற்கிடையில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி நௌக்ரியிலும் லிங்க்டுஇன்னிலும் சென்னை, கோவை, ஓசூர், பெங்களூருக்கு அனுபவமில்லாதவர்களைக் கேட்கும் 30 விளம்பரங்களைத் திறந்து, அடியில் கேட்டிருக்கும் திறன்களைத் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். பதவிப் பெயரை நம்ப வேண்டாம். டேட்டா அனலிஸ்ட் என்ற பெயருக்குக் கீழே எக்செல்லும் எஸ்.கியூ.எல்லும் இருக்கும். டேட்டா சயின்டிஸ்ட் என்று உண்மையிலேயே எடுக்கிற இடம் முதுநிலைப் பட்டமோ புள்ளியியலில் ஆழமோ கேட்கும். அப்ளிகேஷன் சப்போர்ட் என்ற பெயர் யார் கனவிலும் வருவதில்லை. ஆனால் கலை அறிவியல் கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு உள்ளே நுழைய அதுவும் டெஸ்டிங்கும் நல்ல வாசல்கள் என்பது என் கணிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் எங்கே உடைகிறது என்பதை அங்கே ஓராண்டில் கற்கலாம்.

இனி செய்து பழகும் வேலைக்கு வருவோம். கால்குலேட்டர், டு-டூ லிஸ்ட், வானிலை ஆப் வேண்டவே வேண்டாம். நேர்காணல் எடுக்கிறவர் அதையெல்லாம் பார்த்துச் சலித்திருப்பார். உங்கள் வீட்டு வாசலிலேயே நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது: பால் சங்கக் கணக்கு. காலை, மாலை இரண்டு வேளை. லிட்டர், கொழுப்பு, கொழுப்பற்ற திடப்பொருளான எஸ்.என்.எஃப்.; அதற்கேற்ற விலை; பத்து நாளுக்கு ஒரு பில்; இடையில் முன்பணம், தீவனப் பிடித்தம். இதை ஒரே கோப்பில் அடங்கும் எஸ்.கியூ.லைட் டேட்டாபேஸில் வைத்துப் பைத்தானில் எழுதுங்கள். ஒரு வாரம் சங்கத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்று கவனித்துவிட்டுத் தொடங்குங்கள். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் அளவையும் கொழுப்பையும் வைத்து எஸ்.என்.எஃப். கணக்கிடும் சூத்திரத்தில் கூட்டும் எண்கள் இடத்துக்கு இடம் மாறும். இணையத்தில் கிடைத்ததைப் போடாமல் அங்கே எதைப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். வேலையில் இதற்குத் தேவை சேகரித்தல் என்று பெயர். முதல் வரி கோட் எழுதுவதற்கு முன்பே தொடங்கிவிடும்.

டேபிள் நான்கு போதும்: உறுப்பினர், ஊற்றிய பால், விலைப்பட்டியல், பணம் கொடுத்தது. எல்லோரும் முதலில் சறுக்குவது விலையில். விலைப்பட்டியலில் ஒரே இடத்தில் விலையை வைத்துவிட்டு, பில் போடும்போது அங்கிருந்து எடுத்துப் பெருக்குவார்கள். விலை ஏறியதும் பட்டியலைத் திருத்துவார்கள். போன மாதப் பழைய பில்களும் புதிய விலைக்கு மாறிவிடும். அதனால் பால் ஊற்றிய ஒவ்வொரு வரிசையிலும் அந்த வேளைக்குக் கொடுத்த விலையைச் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று நார்மலைசேஷன் பாடத்தில் படித்தோமே என்று தோன்றும். இது இரண்டு வெவ்வேறு தகவல்: ஒன்று இன்றைய விலை, மற்றது அன்று கொடுத்த விலை. நேர்காணலில் இந்த ஒரு வேறுபாட்டை உங்கள் வாயால் சொன்னாலே மனப்பாட விடையிலிருந்து தனியாகத் தெரிவீர்கள்.

அடுத்தது இரட்டைப் பதிவு. பட்டனை இரண்டு முறை அழுத்தினால் ஒரே பால் இரண்டு முறை ஏறும். உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று யுனிக் கட்டுப்பாடு போடலாம். ஆனால் ஒரே வேளையில் இரண்டு கேனை இரண்டு முறை கொண்டுவருகிற உறுப்பினர் உங்கள் சங்கத்தில் உண்டா? உண்டென்றால் இந்தக் கட்டுப்பாடு அவருடைய இரண்டாவது கேனைத் திருப்பி அனுப்பிவிடும். இதற்குப் பதில் பாடப்புத்தகத்தில் இல்லை, சங்கச் செயலாளரிடம்தான் இருக்கிறது. இன்னொன்று, எஸ்.கியூ.லைட்டில் ஃபாரின் கீ (பால் வரிசையில் வரும் எண் உறுப்பினர் டேபிளில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு) எழுதிவைத்தாலும் இயல்பாக அது வேலை செய்யாது. ஒவ்வொரு முறை இணைப்பைத் திறக்கும்போதும் அதை ஆன் செய்யும் பிராக்மா கட்டளை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 999 என்று இல்லாத உறுப்பினர் பேரிலும் பால் சத்தமில்லாமல் ஏறும்.

பணத்தையும் லிட்டரையும் தசம எண்ணாக ஃபுளோட்டில் வைக்காதீர்கள். பைத்தானில் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். பணத்தைப் பைசாவாகவும் பாலை மில்லிலிட்டராகவும் முழு எண்ணில் வையுங்கள். 4,500 மி.லி. பால், லிட்டர் 36.25 ரூபாய் என்றால் 16,312.5 பைசா. பைத்தானின் ரவுண்ட் இதை 16,312 ஆக்கும், ஏனென்றால் சரிபாதி வந்தால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. சங்கத்தில் கையால் கணக்குப் போடுகிறவர் 16,313 என்பார். ஒரு பைசாதானே என்று விடக்கூடாது; மாதக் கடைசியில் உங்கள் கூட்டலும் சங்கப் புத்தகமும் ஒத்துப்போகாது, யார் சரி என்று தேட ஒரு நாள் போகும். டெசிமல் என்ற பைத்தான் தொகுதியில் பாதிக்கு மேல்நோக்கிப் போகும் விதியைத் தேர்ந்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் அதிகம் கற்றுத்தரப்போவது தேதி. முதல் பத்து நாள் பில்லுக்கு 1 முதல் 10 வரை என்று பிட்வீன் போட்டு எழுதுவீர்கள். பதிவில் நேரமும் சேர்ந்திருந்தால் பத்தாம் தேதிப் பால் முழுக்க விட்டுப்போகும். வெறும் தேதி அந்த நாள் தொடங்கும் நள்ளிரவைக் குறிக்கும். காலை 6:10 அதைத் தாண்டியது. 1-ஆம் தேதி அல்லது அதற்குப் பின், 11-ஆம் தேதிக்கு முன் என்று எழுதுவதே பாதுகாப்பு. இரண்டாவது கண்ணி இன்னும் ஆழம். எஸ்.கியூ.லைட் தானாகப் போடும் நேரம் இந்திய நேரம் அல்ல, உலகப் பொது நேரமான யு.டி.சி.; நம்மைவிட 5:30 மணி நேரம் பின்னால். காலை 5:15-க்கு ஊற்றிய பால் முந்தைய நாள் இரவு 11:45 என்று பதிவாகும். 11-ஆம் தேதிக் காலைப் பால் முந்தைய பில்லில் போய் விழும். 5:30 தாண்டி வருகிறவர்களுக்குச் சரியாக வரும், முன்னால் வருகிறவர்களுக்கு மட்டும் தப்பாக வரும். அதனால்தான் சோதித்தபோது கண்ணில் படாது. நீங்கள் பகலில் உட்கார்ந்து சோதித்திருப்பீர்கள். சங்கத் தேதியையும் வேளையையும் தனி நெடுவரிசையில் நீங்களே எழுதிவிடுங்கள், கணினி நேரம் துணைக்கு மட்டும் இருக்கட்டும்.

எஸ்.கியூ.எல்லில் இரண்டு கேள்விகளை இந்தக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். முதலாவது, இந்தப் பத்து நாளில் ஒரு சொட்டும் ஊற்றாத உறுப்பினர் யார்? நாட் இன் (இந்தப் பட்டியலில் இல்லாதவர்) என்று எழுதினால், பால் டேபிளில் உறுப்பினர் எண் இல்லாத ஒரே ஒரு வெற்று வரிசை இருந்தாலும் விடை காலியாக வரும். பிழைச் செய்தியே வராது, அதுதான் ஆபத்து. பால் வரிசை இல்லாத உறுப்பினரையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயினில் எழுதும்போது தேதி நிபந்தனையைக் கடைசியில் வடிகட்டும் வேர் (where) பகுதியில் வைத்தால் ஊற்றாதவர்கள் வடிகட்டப்பட்டுப் போய்விடுவார்கள்; அதை டேபிள்களை இணைக்கும் ஆன் (on) பகுதியில் வைக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் பால் தொகை எவ்வளவு, வாங்கிய முன்பணம் எவ்வளவு? உறுப்பினரோடு பால் டேபிளையும் பண டேபிளையும் ஒரே ஜாயினில் இணைத்துக் கூட்டினால், 20 வேளை ஊற்றி 2 முறை முன்பணம் வாங்கியவருக்கு 40 வரிசை உருவாகும். பால் தொகை இரட்டிப்பாகும், முன்பணம் 20 மடங்காகும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி முடித்த பிறகு இணைக்க வேண்டும். இரண்டாவது அதிகச் சம்பளம் யாருக்கு என்ற பழைய நேர்காணல் கேள்வியை ஆயிரம் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்த 40 வரிசை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தவர் குறைவு.

பெயர்களைத் தமிழில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் சில. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணும். பெயருக்கு 20 எழுத்து என்று வரம்பு வைத்தால் 12 எழுத்துப் பெயரே முட்டலாம். அகர வரிசைப்படுத்தினால் னகரம் நகரத்துக்கு அடுத்தும் றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வரும், ஏனென்றால் யூனிகோடு எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. பில்லை சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து எக்செல்லில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியும். கோப்பை எழுதும்போது யு.டி.எஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தைக் கொடுத்தால் சரியாகும். ஆங்கிலப் பெயர்களில் டி'சௌசா போல மேற்கோள் குறி உள்ள ஒருவர் வந்ததும், சொற்களை ஒட்டவைத்து எழுதிய எஸ்.கியூ.எல். உடையும். இதே ஓட்டை வழியாகத்தான், உள்ளீட்டுக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பும் இன்ஜெக்‌ஷன் தாக்குதலும் நுழைகிறது. கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாக அனுப்பும் முறையை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

இது கட்டளைத் திரையில் ஓடியதும் பைத்தானில் இணையப் பக்கம் எழுத உதவும் ஃபிளாஸ்க் கொண்டு மூன்று பக்கம் போடுங்கள்: பால் பதிவு, உறுப்பினர் பில், அன்றைய மொத்தம். அழகு முக்கியமில்லை. 404 வந்தால் முகவரி தப்பு, 500 வந்தால் உங்கள் நிரல் உடைந்தது, 400 வந்தால் அனுப்பிய தகவல் தப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். பிறகு பைத்தான்எனிவேர் போன்ற இலவச இடத்தில் ஏற்றுங்கள். வீட்டில் ஓடியது அங்கே “அப்படி ஒரு டேபிள் இல்லை” என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். டேபிள் காணாமல் போகவில்லை. நிரல் வேறொரு கோப்புறையிலிருந்து ஓடுகிறது, எஸ்.கியூ.லைட் அங்கே கோப்பு இல்லாததைப் பார்த்துப் புதிதாகக் காலியான ஒன்றை உருவாக்கிக்கொண்டது. முழுப் பாதையைக் கொடுங்கள். ஃபிளாஸ்க்கின் பிழை தேடும் டீபக் (debug) நிலையை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். அதைத் திறந்து வைத்தால் வெளியாள் உங்கள் சர்வரில் கட்டளை ஓட்டும் வழி கிடைத்துவிடும்.

பிழைச் செய்தியைக் கண்டு பயப்படுகிறவர்கள் மேலிருந்து படிப்பதால்தான் பயப்படுகிறார்கள். பைத்தானில் கடைசி வரியில் தொடங்குங்கள். அங்கே என்ன பிழை என்று இருக்கும். அங்கிருந்து மேலே போய், நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் முதலில் தென்படும் வரியில் நில்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான்.

கிட்டை ஆரம்பத்திலிருந்தே வையுங்கள். கடைசி நாளில் மொத்தத்தையும் ஒரே கமிட்டாக (கிட்டில் ஒரு மாற்றப் பதிவு) ஏற்றினால் யாரோ எழுதிக்கொடுத்தது போலத் தெரியும். “பத்தாம் தேதிப் பால் பில்லில் விடுபட்டதைச் சரிசெய்தது” என்பது போல ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள், எளிய இங்கிலீஷில். கடவுச்சொல் இருக்கும் கோப்பைத் தவறி, கிட் பதிவுகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது பயன்தராது, பழைய வரலாற்றில் அது கிடக்கும். உடனே கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். சங்கத்து உறுப்பினர்களின் உண்மையான பெயர், போன், வங்கி எண்ணை எங்கும் ஏற்றக் கூடாது. கற்பனைப் பெயரில் 50 உறுப்பினர்களை உருவாக்கும் சிறு நிரலை எழுதுங்கள். அதுவும் ஒரு பயிற்சி. தனிநபர் தரவுக்கு 2023-லேயே நம் நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது, இதை நீங்களாகவே கவனித்தீர்கள் என்பது நேர்காணலில் நல்ல பெயர் தரும்.

லினக்ஸில் ஆழம் வேண்டாம். கோப்புறை மாறுவது, கிரெப் கொண்டு லாக் (நிரல் ஓடும்போது எழுதும் குறிப்பு) கோப்பில் தேடுவது, டெயில் கொண்டு ஓடும் லாக்கைப் பார்ப்பது, வட்டு நிரம்பிவிட்டதா என்று பார்ப்பது, ஓடும் நிரலைக் கண்டுபிடித்து நிறுத்துவது, கோப்பு அனுமதி மாற்றுவது. விண்டோஸ் மடிக்கணினியில் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். நிறுவினால் போதும். இவற்றையும் பைத்தானையும் தமிழ் விளக்கத்தோடு படிக்க மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது, இலவசம். ஐ.ஐ.டி.கள் இணையவழி நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் உங்கள் கல்லூரியில் கட்டாயம் இருக்கும். வருகைப் பதிவுக்காக மட்டும் அதில் உட்கார்ந்திருக்கிற வகுப்புகள் நிறைய. அடுத்த செமஸ்டரில் எந்தக் கோர்ஸ் வருகிறதென்று முன்கூட்டியே கேட்டு, இந்தக் கணக்கோடு பொருந்துவதைக் கேட்டுப்பெறுங்கள்.

மடிக்கணினி இல்லையென்றால் நகைக்குப் பதில் அதற்குப் பணம் தேடுங்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய வணிக ரக மடிக்கணினி போதும்: 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, ராமைப் பிற்பாடு கூட்ட முடியுமா, விசைப்பலகையின் எல்லா எழுத்தும் விழுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அதுவரை ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் கட்டளைத் திரை தரும் டெர்மக்ஸ் ஆப்பை நிறுவி (எஃப்-டிராய்டு என்ற ஆப் தளத்திலிருந்து எடுங்கள்) பைத்தான், எஸ்.கியூ.லைட், கிட் மூன்றையும் ஓட்டலாம். ஒரு புளூடூத் விசைப்பலகை இருந்தால் இன்னும் நல்லது.

மாமா சொன்னதற்கு வருகிறேன். சொன்னதைத் தட்டிக்கொடுக்கும் வேலை குறையும் என்பது சரிதான். சாட்ஜிபிடியிடம் முதல் பத்து நாள் பில்லுக்கு ஒரு கேள்வி எழுதித் தா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடியில் தரும், பிழையின்றி ஓடும், அதில் பிட்வீன் இருந்தாலும் வியப்பில்லை. உங்கள் பதிவில் நேரமும் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பத்தாம் தேதிப் பால் விடுபட்டதைக் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் இனிச் சம்பளம். ஆகவே இப்படிப் பழகுங்கள்: முதல் அரை மணி நேரம் நீங்களே முயலுங்கள். பிறகு நீங்கள் எழுதியதை அதனிடம் கொடுத்து, எந்த உள்ளீட்டில் இது உடையும் என்று கேளுங்கள். எழுதித் தா என்று கேட்காதீர்கள். அது சொல்லும் ஃபங்ஷன் உண்மையில் இருக்கிறதா என்று மூல ஆவணத்தில் சரிபாருங்கள். இல்லாத ஒன்றைக் கூசாமல் சொல்லும். விளக்க முடியாத ஒரு வரியும் உங்கள் கிட்ஹப்பில் இருக்கக் கூடாது, ஏனென்றால் நேர்காணலில் விரல் வைக்கப்போவது அந்த வரியில்தான்.

இங்கிலீஷுக்குத் தனிக் கோர்ஸ் தேவைப்படாது. எழுத்தில் தொடங்குங்கள். சிக்கிய ஒவ்வொரு பிழைக்கும் நான்கு வரி: நான் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது, முயன்று பார்த்தது. சப்போர்ட் வேலையில் டிக்கெட் (புகார்க் குறிப்பு) எழுதுவது இதே வடிவம்தான். 40 பிழை எழுதி முடிக்கும்போது தேவையான சொற்கள் கைக்கு வந்திருக்கும். பேச்சுக்கு, உங்கள் பால் கணக்கை 90 விநாடியில் இங்கிலீஷில் சொல்லிப் போனில் பதிந்து கேளுங்கள். யாருக்காக, என்ன சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள், இன்னும் எது பாக்கி. உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நடுவில் சொல் கிடைக்காமல் நின்றால், ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லும் வாக்கியத்தைப் பழகிவைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதத்தை இப்படிப் பிரிக்கலாம். வகுப்பு நாளில் ஒன்றரை மணி, சனி ஞாயிறில் நான்கு மணி. முதல் இரண்டு மாதம் பைத்தானும் எஸ்.கியூ.எல்லும், அடுத்த இரண்டு மாதம் பால் கணக்கு, ஐந்தாம் மாதம் இணையப் பக்கமும் ஏற்றுவதும். அந்த இடத்தில் எண்ணி வைத்த 30 விளம்பரத் தாளை எடுங்கள், வாசலைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்டிங் என்றால் உங்கள் நிரலுக்கே 25 சோதனைகளை, பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் எழுதுங்கள்; மேலே சொன்ன ஒவ்வொரு பிழையும் ஒரு சோதனை. டேட்டா என்றால் எக்செல் பிவட்டும் பவர் பி.ஐ.யும். இணையம் என்றால் ஜாவாஸ்கிரிப்ட். சப்போர்ட் என்றால் லினக்ஸ் லாக்குகள், இரவுப் பணி இருக்கும் என்பதை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். கடைசி இரண்டு மாதம் தினம் 45 நிமிடம் ஆப்டிடியூட்: சதவீதம், நேரம்-வேலை, எண் வரிசை. நன்றாக நிரல் எழுதுகிறவர்களும் இதில்தான் முதல் சுற்றிலேயே வெளியேறுகிறார்கள். பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களைத் தனியாக எடுக்கும் வழிகளில் விப்ரோவின் டபிள்யூ.ஐ.எல்.பி. ஒன்று, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கலாம், பல ஆண்டு ஒப்பந்தம் உண்டு, முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அறிவிப்புகளை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். பயோடேட்டா ஒரே பக்கம். 14 தொழில்நுட்பப் பெயர் எழுதினால் 14-லும் கேள்வி வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் கோர்ஸ் வேண்டுமென்று தோன்றினால் ஆறாம் மாதம் யோசியுங்கள், அப்போதும் ஐந்து கேள்வி கேட்டுவிட்டு. பாடம் எடுப்பவர் யார், ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கலாமா? ஒரு பேட்சில் எத்தனை பேர்? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும், எழுத்தில் தருவீர்களா? தவணை என்கிறீர்களே, அது உங்களுக்குக் கட்டும் தவணையா, என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் எடுக்கும் கடனா? கடன் என்றால் வகுப்பு நின்றுபோனாலும் தவணை நிற்காது. 100 சதவீதம் என்பது வேலைக்கா, நேர்காணலுக்கு அனுப்புவதற்கா? கடைசிக் கேள்விக்கு ரசீதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பதில், வாயால் சொல்வது அல்ல.

வேலைக்கு முன்பணம், செக்யூரிட்டி டெபாசிட், லேப்டாப் கட்டணம் என்று யார் கேட்டாலும் அது வேலை இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. அசல் சான்றிதழை எங்கும் ஒப்படைக்காதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். வேலையில் சேரும்போது உங்கள் யு.ஏ.என். எண்ணை வைத்து வருங்கால வைப்புநிதிப் பதிவைப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வருடத்தில் ஒரு ரூபாயும் ஏறியிருக்காது. சேர்ந்து ஆறு மாதம் கழித்தும் இதற்காக வெளியேற்றுவார்கள்.

நேரடி வேலை உடனே அமையாவிட்டால் அப்ரன்டிஸ் வழியைப் பாருங்கள். தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. அவர்களுடைய தளத்தில் பட்டதாரியாகப் பதிவு செய்தால், நிறுவனங்கள் ஓராண்டுப் பயிற்சிக்கு உதவித்தொகையோடு எடுக்க வாய்ப்பு உண்டு. பொறியியல் மட்டுமில்லை, பி.எஸ்சி.க்கும் இடம் உண்டு. கடைசித் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே பதிந்துவிடுங்கள்.

தம்பிக்கு: பிளஸ் டூ முடித்ததும் வேலையோடு படிக்க விரும்பினால் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஜோஹோ ஸ்கூல்ஸ் இருக்கிறது, கட்டணம் இல்லை, உதவித்தொகை தருகிறார்கள், நுழைவுத் தேர்வு உண்டு. கணிதம் படிக்கிறான் என்றால் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கும் எச்.சி.எல். டெக்பீயையும் பார்க்கலாம். கல்லூரிதான் வேண்டுமென்றால் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்துகொண்டே சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் தகுதிச் சுற்றை எழுதலாம். வருமானத்தையும் இடஒதுக்கீட்டுப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை கிடைக்கும், அதற்கு வருமானச் சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவையுங்கள். அதுவரை உங்கள் பால் கணக்கில் தப்பு கண்டுபிடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். கண்டுபிடித்த ஒவ்வொரு பிழைக்கும் ஐந்து ரூபாய் என்றால் தயங்காமல் உட்காருவான்.